பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்
(புதிதாக வந்தோருக்கான கணனி வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைக்கு ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பற்றி மட்டும் பேசப்போகிறேன். இதென்ன பெரிய விசயமோ என்று நினைக்கலாம். ஒரு தம்பி பட்ட பாட்டைக் கேளுங்கோ.

அவர் வந்த புதிதில், தெரிந்த ஒருவர் அவருக்கு ஈமெயில் கணக்குத் திறந்து, பாஸ்வேர்டை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். தெளிவாக இருக்கட்டும் என்று முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதிவிட்டார். கணக்கில் போட்டதோ முதலெழுத்து மட்டும்தான் பெரிசு. தம்பி துண்டில் உள்ளபடியே அடித்தார். பிழை என்றது. திரும்பத் திரும்ப அடிக்க, கணக்குப் பூட்டுப்பட்டுப் போச்சு. சொலிசிட்டர் அனுப்பிய சந்திப்புத் திகதி அதற்குள்ளே கிடந்தது. நாள் கடந்த பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. நல்லகாலம், இன்னொரு திகதி கிடைத்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைக்கும் என்று சொல்லேலாது.

கணனி ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கும். பெரிய 'ஏ'க்கு 65, சின்ன 'ஏ'க்கு 97. எங்களுக்குக் 'கல்'லும் 'கால்'லும் எப்படி வேறு சொற்களோ, பாஸ்வேர்டில் இவை இரண்டும் அப்படி. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இல்லாதபடியால் இந்த வித்தியாசம் எங்கட கண்ணில் இலேசில் படாது.

எங்கே கவனம் தேவை?

பாஸ்வேர்ட்: அநேகமாக எல்லா இடத்திலும் எழுத்தின் அளவு முக்கியம்.

ஈமெயில் முகவரி: வழக்கமாகப் பாவிக்கிற சேவைகளில் எந்த எழுத்தில் அடித்தாலும் ஒன்றுதான். சின்ன எழுத்திலேயே எழுதிப் பழகுங்கோ.

இணையத்தள முகவரி: தளத்தின் பெயரில் வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு சாய்கோட்டுக்கு அப்பால் வருவதில் வித்தியாசம் இருக்கலாம். கடிதத்தில் உள்ளபடியே அடியுங்கோ.

படிவங்கள்: பெயரைப் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்வது வாசிக்க வசதிக்காக. அந்தப் பழக்கத்தைப் பாஸ்வேர்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

என்ன செய்யலாம்?

பாஸ்வேர்டை எழுதிவைப்பதென்றால் பெரிய எழுத்துகளின் கீழே கோடு போடுங்கோ. பூச்சியத்தையும் 'ஓ'வையும், பெரிய 'ஐ'யையும் சின்ன 'எல்'லையும் மாறி வாசிக்காமல் பக்கத்தில் குறித்துவையுங்கோ. அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கோ.

அடிக்க முதல் கப்ஸ் லொக் போட்டிருக்கோ என்று பாருங்கோ. பெட்டிக்குப் பக்கத்தில் கண் படம் இருந்தால் அதை அமத்தினால் அடித்தது தெரியும்.

இரண்டு தரம் பிழைத்தால் நிப்பாட்டுங்கோ. 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்பதை அமத்துங்கோ. இரகசிய இலக்கம் உங்கட போனுக்கு வரக்கூடும். ஆகவே சிம் மாற்றினால் கணக்கிலும் புது நம்பரைப் போட்டுவிடுங்கோ.

வேறொருவர் திறந்து தந்த கணக்கென்றால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கோ. உங்கட வழக்கு விபரம் அதற்குள்ளேதான் வரப்போகுது. ஒருவருக்கும் அதைக் குடுக்காதேங்கோ.

கணக்குத் திறக்காவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதேங்கோ. அன்றைக்கே சொலிசிட்டருக்குப் போன் எடுத்து, ஏதும் அனுப்பினவையோ என்று கேளுங்கோ. பிறகு இங்கே வாங்கோ, சேர்ந்து திறப்போம்.