பிள்ளையின் தட்டில் பீட்சா

 

பிள்ளைகளுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை பீட்சா வாங்கிக் கொடுக்கலாம் என்று ஜும்ஆவுக்குப் பின்னர் சிலர் வினவுவதுண்டு. "ஹலால்தானே மௌலவி" என்றும் கூடவே சொல்வர். ஸூரத்துல் பகராவின் 168ஆவது வசனத்தில் அல்லாஹுத் தஆலா, பூமியிலுள்ளவற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு மனிதர்களைப் பணிக்கின்றான். முதற்சொல்லைத் தேடி விசாரிக்கின்றோம். தூய்மையும் நலனும் உடையது எனப் பொருள்படும் இரண்டாம் சொல்லையோ கடை வாசலிலேயே விட்டுவிடுகின்றோம்.

பீட்சா நஞ்சன்று. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகள் உண்ட ரொட்டிதான் அது. இன்று நாம் வாங்குவதோ தடித்த வெள்ளை மாவின்மேல் அள்ளிக் கொட்டிய சீஸும் சொசேஜும். பக்கத்தில் ஒரு போத்தல் சோடா. வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கின்றது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்கு அதிலும் குறைவு. இத்தகைய பீட்சாவில் மூன்று துண்டுகளை உண்டால், அவ்வளவில் பெரும்பகுதி ஒரே வேளையில் உள்ளே சென்றுவிடும். சோடாவின் சீனியைக் காட்டும் நிற அடையாளம் நமது நாட்டில் 2016இல் கட்டாயமாக்கப்பட்டது. அந்த நிறத்தைப் பிள்ளைக்கே காட்டுங்கள்.

எனது அபிப்பிராயம், மாதத்தில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. வைத்தியர் வேறுவிதமாகக் கூறியிருந்தால் அவர் சொல்லே முற்படும். வீட்டில் செய்வது இன்னும் சிறந்தது. கோதுமை மாவில் பாதியைக் குறைத்து ஆட்டா மாவைச் சேருங்கள். மெல்லியதாகத் தட்டி, தக்காளி, வெங்காயம், கறிமிளகாய், மீதமான கோழி இறைச்சி ஆகியவற்றைப் பரப்பி, சீஸை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். அவன் இல்லாவிடில் கனத்த தாச்சியை மூடி, சிறு நெருப்பில் வேகவிடலாம். குடிக்கத் தண்ணீர் போதும்.

இனி, வாப்பாமாரிடம் ஒரு சொல். இரவு ஒன்பது மணிக்குக் கடை பூட்டி வருகின்றீர்கள். பிள்ளையோடு இருக்கவில்லையே என்ற உறுத்தலில் ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தொலைபேசியோடு ஒதுங்கிவிடுகின்றீர்கள். பிள்ளையும் தொலைக்காட்சியின் முன் தனியே உண்கின்றது. (நானும் இவ்வாறு செய்ததுண்டு. அல்லாஹ் மன்னிப்பானாக.)

நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரழி) அவர்களின் கை, உண்ணும்போது தட்டெங்கும் அலைந்தது. பிஸ்மில்லாஹ் கூறவும் வலக்கையால் உண்ணவும் தமக்கு முன்னாலுள்ளதை எடுக்கவும் நபியவர்கள் அவருக்குக் கற்பித்தார்கள். அதன்பின் தாம் என்றும் அவ்வாறே உண்டதாக அவரே அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. அதே தட்டருகே நபியவர்கள் இருந்ததாலன்றோ அந்தக் கை கண்ணில் பட்டது!

பீட்சாவும் நமது கலியாண வீட்டுச் சஹனைப் போன்று வட்டமானதுதான். அடுத்தமுறை பெட்டியைத் திறக்கையில் கையைக் கழுவிக்கொண்டு நீங்களும் பாயில் அமருங்கள். அவரவர் முன்னாலுள்ள துண்டை அவரவர் எடுக்கட்டும். உங்கள் பிஸ்மில்லாஹ்வைப் பிள்ளை காதால் கேட்கட்டும்.

வஸ்ஸலாம்.