டிரங்குப் பெட்டியில் கிடக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டை என்ன செய்வது?

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளம், கொழுந்து நிறுவை, அரைப்பேர் என்றுதான் நாம் இந்தக் கூட்டங்களில் வழக்கமாகப் பேசுகிறோம். இன்று ஒரு சின்னப் புத்தகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நம்முடைய லயங்களில் பல வீடுகளின் டிரங்குப் பெட்டியில் அது கிடக்கிறது. அப்பாவின் பெயரில், பாட்டியின் பெயரில் எடுத்த பழைய இந்தியப் பாஸ்போர்ட்.

அதைப் பற்றிச் சங்கக் காரியாலயத்தில் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். "இதை வைத்திருந்தால் எங்கள் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு வில்லங்கம் வருமா?" என்பது ஒன்று. "கொடுத்துவிட்டால் எங்களுக்கு இருக்கும் ஒரே பழைய ஆதாரமும் போய்விடாதா?" என்பது மற்றது. இரண்டும் நியாயமான பயம். கடதாசி இல்லாததால் அடிபட்ட சனங்கள் நாம்.

அந்தப் புத்தகம் எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை 1974 இல் இரண்டு அரசுகளும் பாதிக்குப் பாதியாகப் பங்குபோட்டன. மலையில் வேலை செய்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களுக்குத்தான் அந்தப் பாஸ்போர்ட் கிடைத்தது. சிலர் விரும்பி எழுதினார்கள். பலர் இங்கே வாழ வழியில்லாமல் எழுதினார்கள். எழுபதுகளின் பஞ்சத்தையும், 1977 ஆம், 1983 ஆம் ஆண்டு வன்செயல்களையும் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். 1984 இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் சேவை நின்றது. பாஸ்போர்ட் எடுத்தும் போக முடியாத பல்லாயிரம் பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் தொடர்ந்து கொழுந்து பறித்தார்கள், கவ்வாத்து வெட்டினார்கள், பிள்ளை பெற்று வளர்த்தார்கள். ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை, தேசிய அடையாள அட்டையும் இல்லை.

அந்தக் கதவைத் திறந்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும், இங்கு வாழும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரஜைகள் என்று அது சொல்கிறது. நாடற்றவராக இருந்தவர் சமாதான நீதவான் முன்னிலையில் பொதுப் பிரகடனம் செய்தார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர், இலங்கைப் பிரஜாவுரிமையை விரும்பிப் பெறுவதாக விசேட பிரகடனம் செய்ய வேண்டியிருந்தது.

இதிலிருந்து முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தவர்களையும் மனதில் வைத்தே இந்தச் சட்டம் செய்யப்பட்டது. "உன் பாட்டன் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தவர், ஆகவே உனக்குப் பிரஜாவுரிமை இல்லை" என்று எந்த மேசையிலாவது சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் திரும்பி வராதீர்கள். சட்டத்தின் இலக்கத்தைச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். பிறகு சங்கத்துக்கு வாருங்கள். விசேட பிரகடனம் செய்யாமலே விட்ட முதியவர்கள் உங்கள் தோட்டத்தில் இருந்தால், அவர்களுடைய பெயரையும் எங்களிடம் கொடுங்கள்.

ஆனால் இலங்கைப் பிரஜையான ஒருவர் அந்தப் பாஸ்போர்ட்டைச் சும்மா வைத்திருப்பதும் சரியல்ல. இந்தியாவின் 1955 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையை விரும்பிப் பெற்றவர் இந்தியப் பிரஜையாகத் தொடர முடியாது. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதை இந்தியத் தூதரக அலுவலகத்தில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கான சான்றிதழைப் பெற வேண்டும். நம்மவர்களுக்குக் கிட்ட இருப்பது கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம். பிறகு அதே ஆள் இராமேஸ்வரத்துக்கோ திருச்சியிலுள்ள சொந்தக்காரரைப் பார்க்கவோ விசா கேட்கும்போது, பழைய பாஸ்போர்ட் என்னவாயிற்று என்ற கேள்வி வரும். அப்போது அந்தச் சான்றிதழ்தான் பதில்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பலர் அந்தப் புத்தகத்தைக் கொடுக்கத் தயங்குவது இந்தியா மேல் உள்ள ஆசையால் மட்டுமல்ல. அதிலேதான் அப்பாவின் முழுப் பெயர் சரியாக இருக்கிறது. அம்மாவின் ஒரே போட்டோ அதில்தான் இருக்கிறது. பிறந்த இடம் இலங்கை என்று அதில் எழுதியிருக்கிறது. நம்மை இங்கிருந்து அனுப்புவதற்காகக் கொடுத்த புத்தகம், நாம் இங்கேதான் இருந்தோம் என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கிறது. ஆகவே ஒப்படைக்கும் முன் அந்தச் சாட்சியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை இவை:

ஒன்று. அட்டை முதல் அட்டை வரை எல்லாப் பக்கங்களையும் போட்டோக்கொப்பி எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். அந்தக் கொப்பியைச் சமாதான நீதவானிடம் காட்டி உறுதிப்படுத்தி வையுங்கள்.

இரண்டு. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் பிறந்த திகதியையும் பிரஜாவுரிமைப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் முத்தையா, மற்றதில் முத்துசாமி என்று இருந்தால், அந்த ஆள் உயிரோடு இருக்கும்போதே திருத்த முயலுங்கள். அவர் காலமான பிறகு பிள்ளைகள் அதற்காக அலைய வேண்டியிருக்கும்.

மூன்று. மூலப் பத்திரத்தைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். "நான் கண்டியில் கொடுத்துவிடுகிறேன்" என்று காசோடு வாங்கிக்கொண்டு போகிறவரிடம் கொடுத்தால், புத்தகமும் இருக்காது, சான்றிதழும் இருக்காது. நேரில் போங்கள். முதியவர் என்றால் பிள்ளைகள் கூடப் போங்கள்.

நான்கு. எந்த அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். ரத்துச் செய்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கி வாருங்கள். அது பயணத்துக்கு உதவாது. உங்கள் குடும்பக் கதைக்கு உதவும்.

தோழர்களே, இந்த வேலைகளைத் தனித்தனி ஆளாகச் செய்தால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும், மனமும் உடையும். அதனால் தோட்டத் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பிரட்டுக்களத்தில் இதைச் சொல்லுங்கள். எந்த லயத்தில், யார் பெயரில் பழைய பாஸ்போர்ட் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, பிரகடனம் செய்தாரா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மாதர் சங்கத் தலைவிகள் வயதான பெண்களிடம் போய்க் கேளுங்கள். கணவருடைய கடதாசியை மட்டும் பார்த்துவிட்டு மனைவியின் கடதாசியை விட்டுவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுவாருங்கள். பத்துப் பேர், இருபது பேர் என்று சேர்த்து, நாள் குறித்து, சங்கத்தின் ஆள் ஒருவரைக் கூட அனுப்பி இந்தக் காரியத்தை முடித்துத் தருவோம்.