கீழே கிடந்த காசு யாருக்கு?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "மேடம், தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுல ரெண்டு ரூபா காசு கெடந்துச்சு, எடுத்துக்கிட்டேன். தப்பா?" எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சோமே தவிர யாரும் பதில் சொல்லவில்லை. அதனால் இந்த மாதம் அதையே பேசிவிடுவோம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் படிக்கட்டு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். செங்கல்பட்டு வண்டிக்கு ஓடுகிறவர்கள் ஒரு பக்கம், பீச் வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் ஒரு பக்கம். "யாருங்க காசு போட்டது?" என்று நின்று கூவினால் நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ரெண்டு ரூபாய்க்கு உரியவரைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இதைச் சட்டமே யோசித்திருக்கிறது. 1860-ஆம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தில் 403-ஆம் பிரிவு. அதில் ஒரு உதாரணம்: பெருஞ்சாலையில் ஒருவர் ஒரு ரூபாயைப் பார்க்கிறார், யாருடையது என்று தெரியாது, எடுத்துக்கொள்கிறார். இது குற்றமில்லை. (அந்தக் காலத்து ஒரு ரூபாய் வெள்ளி ரூபாய், சில்லறைக் காசு என்று நினைத்துவிடாதீர்கள்!) 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 314-ஆம் பிரிவு இதே விஷயம்தான்.

அதோடு நிற்கவில்லை. நம் கண் முன்னால் ஒருவர் பர்ஸைத் தவறவிடுகிறார். கொடுத்துவிடலாம் என்று எடுத்து, பிறகு மனசு மாறி நாமே வைத்துக்கொண்டால் அது குற்றம். தொகை பெரிதா சிறிதா என்பது கேள்வியில்லை. உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்தோமா, அவர் வந்து கேட்கக் கொஞ்ச நாள் பொறுத்திருந்தோமா என்பதுதான் கேள்வி.

நம் ஊரில் வேறு கணக்கும் உண்டு. முச்சந்தியில் கிடக்கிற காசைத் தொடாதே, சாவு ஊர்வலத்தில் இறைத்த காசாக இருக்கும் என்பார்கள். சில பேர் எடுத்து உண்டியலில் போட்டுவிட்டு நிம்மதியாகப் போவார்கள். யாருடையது என்றே தெரியாத காசு என்றால் சரி. பூக்காரம்மா கூடைக்குப் பக்கத்தில் கிடந்த பத்து ரூபாயை உண்டியலில் போட்டால், அவங்க காசில் நாம் காணிக்கை செலுத்துகிறோம், அவ்வளவுதான்.

2018-ல் ஈரோட்டில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ரோட்டில் கிடந்த 50 ஆயிரம் ரூபாயை எடுத்து டீச்சரிடம் கொடுத்தான். போலீஸ் வரைக்கும் பாராட்டினார்கள். நல்ல பிள்ளை. ஆனால் 50 ஆயிரத்தைப் பார்த்தால் நமக்கே கை நடுங்கும். பத்து, நூறு என்றால்தான் மனசு வழுக்குகிறது.

நம் பகுதிக் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். குழுவின் பெயர் வேண்டாம். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது ஒரு நூறு ரூபாய் நோட்டு. பார்த்த உறுப்பினர் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றைக்குத்தான் இன்னொரு உறுப்பினருக்குத் தவணையில் நூறு ரூபாய் குறைந்திருந்தது. "வீட்ல எண்ணித்தான் எடுத்துட்டு வந்தேங்க" என்று எத்தனை தடவை சொல்லியும் யாரும் நம்பவில்லை. பத்து ரூபாய் அபராதமும் போட்டார்கள். அடுத்த இரண்டு வாரம் அவர் கூட்டத்துக்கே வரவில்லை.

மூன்றாவது வாரம் நோட்டை எடுத்தவர் எங்களிடம் வந்து அழுதார். "கீழ கெடந்துச்சு மேடம், ரோட்டு காசு மாதிரிதான் நெனச்சேன்." அவர் திருடி இல்லை. ஆனால் அந்தப் பாயில் உட்கார்ந்தது பதினாலு பேர், எல்லாரும் பக்கத்துத் தெரு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நூறு ரூபாய் திரும்பப் போனது, அபராதத்தையும் தீர்மானம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பணத்தை வாங்கிக்கொண்டவர் "பொய் சொல்றேன்னு நெனச்சீங்கல்ல" என்று மட்டும் கேட்டார். ஊக்குநரும் பதில் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அதனால் எல்லாக் குழுவிலும் ஒன்று செய்யுங்கள். கூட்டம் முடிந்ததும், ஆட்கள் எழுந்து போவதற்கு முன்னால், பாயை உதறிப் பாருங்கள். எது கிடைத்தாலும் அங்கேயே சத்தமாகக் கேளுங்கள். யாரும் கேட்காவிட்டால் தீர்மான நோட்டில் தேதி போட்டு எழுதி, அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள். பஸ்ஸில் பர்ஸோ நோட்டோ கிடைத்தால் கண்டக்டரிடம், ஸ்டேஷனில் என்றால் ரயில்வே போலீஸிடம்.

நம் கூட்டமைப்பு அலுவலக வாசலிலும் ஒரு டப்பா வைத்திருக்கிறோம். இப்போதைக்கு அதில் 17 ரூபாயும் ஒரு ஐம்பது காசும் இருக்கிறது. ஐம்பது காசு செல்லாது என்று யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 2011-ல் நிறுத்தியது 25 காசு வரைக்கும்தான்; ஐம்பது காசு செல்லும். தவறவிட்டவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.