கல்லூரியைத் தெரிதல்



கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நம் நாட்டின் எந்தத் தமிழ் ஊருக்குச் சென்றாலும் ஒரு வினா காதில் விழும். "பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்?" என்பதே அவ்வினா. கடைத்தெருவில் அது கேட்கிறது. கோயில் வீதியில் கேட்கிறது. தோட்டத்து லயங்களிலும் கேட்கிறது. ஆனால், "பிள்ளை எதைக் கற்க விரும்புகின்றது?" என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. முன்னதற்கு விடை தேடுமுன் பின்னதற்கு விடை காணவேண்டும் என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

நம் பாட்டன்மாருக்கு இத்தொல்லை இருந்ததில்லை. 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. அங்கே பயின்றோர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டங்களுக்கே தோற்றினர். 1942 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. 1952 இல் பேராதனையில் குடிகொண்டது. தெரிவு செய்வதற்கு ஒன்றுக்கு மேல் இல்லாத காலம் அது. இன்றோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17 பல்கலைக்கழகங்கள் உள்ளன. 1974 இல் வளாகமாகத் தொடங்கியது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். 1981 இல் மட்டக்களப்பில் தொடங்கிய கல்லூரி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. நெடுங்காலம் வளாகமாயிருந்த வவுனியா 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வாயில்கள் பெருகியிருக்கின்றன. ஆதலால், எவ்வாயிலில் நுழைவது என்று சிந்திக்கும் கடமையும் நம்மேல் வந்து சேர்ந்திருக்கின்றது.

இச்சிந்தனை உயர்தரப் பெறுபேறு வந்தபின் தொடங்கவேண்டியது என்று பலர் எண்ணுகின்றனர். அது தாமதம். உண்மையான தெரிவு சாதாரணதரப் பரீட்சை முடிந்து, பதினாறு பதினேழு வயதில் துறையைத் தெரியும்போதே நிகழ்ந்துவிடுகின்றது. உயிரியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் பயின்ற பிள்ளை பின்னர் பொறியியலை நாட இயலாது. இணைந்த கணிதத்தை விட்டவனுக்கு அந்தக் கதவு அன்றே மூடிவிடும். ஆனால், சட்டம் பயில்வதற்குக் கலைத்துறையே வேண்டும் என்பதில்லை. 2013 முதல் தொழில்நுட்பத்துறை என ஒரு புதிய பாதையும் திறந்திருக்கின்றது. இவற்றை அறியாது, "நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை விஞ்ஞானம்தான் படிக்கவேண்டும்" என்று வீட்டிலும் ஊரிலும் விதித்துவிடுகின்றோம். மருத்துவராகும் ஆசை தந்தைக்கு, தவளையை வெட்டிப் பார்க்கும் பொறுமையோ மகனுக்கு இல்லை. இரண்டு ஆண்டுகள் கழிகின்றன, முதற்தடவை போதிய புள்ளி இல்லை, இரண்டாந்தடவை, மூன்றாந்தடவை. அதற்கு மேல் விதி இடந்தராது. வன்னியிலும் மலைநாட்டிலும் ஆசிரியப்பணி ஆற்றிய எனக்கு இக்காட்சி பழக்கமானது. மூன்றாந்தடவையும் தோற்றுவிட்டு, சான்றிதழ் பெற என் அலுவலகத்துக்கு வந்து நிற்கும் இளைஞன் அறிவில் குறைந்தவன் அல்லன். தனக்குப் பொருந்தாத சட்டையை ஐந்து ஆண்டுகள் அணிந்து களைத்தவன்.

நிற்க. பெறுபேறு கைக்கு வந்தபின் செய்யவேண்டுவன யாவை? முதலாவது, விதிகளை அறிதல். நம் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியைக் கொண்டு நடைபெறுகின்றது. ஒவ்வொரு பாடத்திலும் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு உயர்ந்து அல்லது தாழ்ந்து நிற்கின்றார் என்பதை அது காட்டும். ஒரு பாடத்தின் வினாத்தாள் கடினமாகவும் மற்றொன்றினது எளிதாகவும் அமைந்தாலும் ஒப்பிடுவதற்கு அது வழி செய்யும். பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் தீவளாவிய தகைமைக்கும், 55 இடங்கள் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படியும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் யாவும் நுவரெலியா, பதுளை மாவட்டங்களும் அந்தப் பதினாறில் அடங்கும். ஆதலால், கொழும்பிலுள்ள உறவினரின் பிள்ளைக்குக் கிடைக்காதது மன்னாரிலுள்ள நம் பிள்ளைக்குக் கிடைக்கலாம். சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியும் ஒரு வழிகாட்டியே. அது இவ்வாண்டுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி அன்று.

இரண்டாவது, விருப்ப வரிசையைப் பிள்ளையே எழுதுதல். இதனை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். ஆணைக்குழு ஆண்டுதோறும் ஒரு கைந்நூலை வெளியிடுகின்றது. தமிழிலும் அது உண்டு. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் வேண்டிய பாடங்கள் எவை, அது எந்தெந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டு, எவற்றுக்குத் தனியான உளச்சார்புப் பரீட்சை நடைபெறும் என்பனவெல்லாம் அதில் இருக்கின்றன. இருந்தும் நம் வீடுகளில் நடப்பது என்ன? விண்ணப்ப முடிவு நாளுக்கு முதல்நாள் மாலை, பிள்ளை நகரத்திலுள்ள தொடர்பாடல் நிலையத்துக்கு ஓடுகின்றது. கணினிக்கு முன் இருப்பவர், "போன முறை உங்கள் புள்ளிக்கு இதுதான் கிடைத்தது" என்று சொல்லி, தாமறிந்த வரிசையில் இலக்கங்களைப் பதிந்துவிடுகின்றார். நான்கு ஆண்டுக் கல்வி, அதன்பின் நாற்பது ஆண்டு வாழ்வு ஆகிய இரண்டும் அரைமணி நேரத்தில் அந்நியர் ஒருவரால் தீர்மானிக்கப்படுகின்றன!

இன்னுமொரு தப்பெண்ணம் உண்டு. உயர்ந்ததை முதலில் எழுதினால் கீழுள்ளதும் கைநழுவிப் போகும் என்று அஞ்சி, விரும்பியதை எழுதாமலே விட்டுவிடுவோர் பலர். இது பிழை. ஒருவருடைய புள்ளிக்கு எட்டக்கூடிய விருப்பங்களுள் வரிசையில் எது மேலே இருக்கின்றதோ, அதற்கே அவர் தெரிவாவார். ஆகையால் வரிசை, உள்ளத்தின் உண்மையான வரிசையாகவே இருத்தல் வேண்டும். விரும்பாத ஒன்றை இடம் நிரப்புவதற்காக எழுதுவதும் தகாது. அது கிடைத்துவிட்டால் என் செய்வது? பதிவு செய்தபின் அடுத்த ஆண்டு வேறொன்றைக் கேட்பதற்குத் தடைகள் உள. அவ்விதிகளையும் கைந்நூலில் வாசித்த பின்னரே முடிவு செய்க.

மூன்றாவது, பெயரை மட்டும் பார்த்து மயங்காதிருத்தல். பொறியியல் என்றவுடன் மொறட்டுவையும் பேராதனையுமே நினைவுக்கு வரும். அவற்றின் பெருமை பெரிது, ஐயமில்லை. ஆயினும் உறுகுணையிலும் ஒலுவிலிலும் பொறியியற் பீடங்கள் உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றது. விவசாய பீடமும் அங்கேதான். சித்த மருத்துவம் கற்க விழைவோர்க்கு யாழ்ப்பாணமும் திருகோணமலை வளாகமும் உண்டு. இசையும் நடனமும் நாடகமும் பயில்வதற்கு மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தைப்பற்றி விசாரிக்கும்போது, "பெரியதா, பழையதா?" என்று கேட்பதோடு நில்லாது, "நான் விரும்பும் பாடத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்பிக்கின்றார்களா? எந்த மொழியில் கற்பிக்கின்றார்கள்? ஆய்வுகூடம் எவ்வாறு? நூலகம் எவ்வாறு?" என்றும் கேளுங்கள். அங்கே இப்போது பயிலும் மாணாக்கர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசினால், ஊரார் ஓராண்டு பேசுவதினும் கூடுதலாக அறியலாம். மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் புகுவதற்கும் இடையே கிடைக்கும் நீண்ட மாதங்களை ஆங்கிலப் பயிற்சிக்குச் செலவிடும் பிள்ளை முதலாண்டில் இடர்ப்படாது.

இனி, பெற்றோரிடம் ஒரு வார்த்தை. சிறப்பாக, பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களிடம். மலைநாட்டில் நான் பணியாற்றிய காலத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஒருவர் தம் மகளுக்கு வந்த அனுமதிக் கடிதத்துடன் வந்தார். கடிதத்தை இரு கைகளாலும் பிடித்திருந்தார். "சேர், பொம்பளப் புள்ள. யாழ்ப்பாணம் வரைக்கும் எப்படிங்க அனுப்புறது?" என்று கேட்டார். அவருடைய அச்சம் பொய்யானது அன்று. முன்பின் அறியாத ஊர், கையில் பணமில்லை, பகிடிவதை பற்றிய செய்திகள் வேறு. அதை நகையாடி ஒதுக்குவது ஆசிரியருக்கு அழகன்று. ஆனால் அந்த அச்சத்துக்கு விடைகள் உண்டு. அவருக்கு நான் சொன்னவற்றையே உங்களுக்கும் சொல்கின்றேன். 1981 முதல் மகாபொல புலமைப்பரிசில் வழங்கப்படுகின்றது; அது கிடையாதோருக்கு நிதியுதவித் திட்டமும் உண்டு. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டிருக்கின்றது. துன்புறுத்தப்படும் பிள்ளை மௌனமாக இருக்கவேண்டியதில்லை. விடுதி வசதி முதலாண்டு மாணவிக்கு உண்டா என்பதைப் பதிவுக்கு முன்னரே எழுதிக் கேட்டறியலாம். அதே ஊரிலிருந்து முன்னர் சென்ற மாணவி எவரும் இருப்பின் அவரோடு சேர்த்து அனுப்பலாம். அந்தத் தந்தை ஒரு கிழமை சிந்தித்தார். பின்னர் மகளைத் தாமே அழைத்துச்சென்று விடுதியில் விட்டுவந்தார். அந்தப் பெண் இன்று ஆசிரியை. கடிதம் வந்தும் போகாமல் நின்றுவிட்ட பெண்களையும் நான் அறிவேன். தூரம் ஒரு காரணம். ஆனால் அது ஓர் ஆயுளின் கல்வியை மறுப்பதற்குப் போதுமான காரணம் அன்று.

பல்கலைக்கழகத்துக்குத் தகைமை பெற்றும் இடம் கிடையாதோர் ஆண்டுதோறும் பெருந்தொகையினர். அவர்களுக்கு வாழ்வு முடிந்துவிட்டதா? ஒருபோதும் இல்லை. ஆசிரியப்பணியை விரும்புவோர்க்குக் கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, பத்தனை ஆகிய இடங்களில் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உள. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை முதலிய இடங்களிலுள்ள உயர் தொழில்நுட்ப நிறுவனங்களில் கணக்கியலிலும் பொறியியலிலும் தகவல் தொழில்நுட்பத்திலும் உயர் தேசிய டிப்ளோமா பெறலாம். 2016 இல் கிளிநொச்சியில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் தொடங்கிற்று. தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஏழாவது மட்டம் பட்டத்துக்கு நிகரானது. பட்டறையில் முதலடி வைத்த ஒருவர் படிப்படியாகப் பட்டம்வரை ஏறுவதற்கு ஏணி இருக்கின்றது. 1980 இல் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகம் தொழில் பார்த்துக்கொண்டே கற்போருக்கு வழிவிடுகின்றது. இவற்றை, "வேறொன்றும் கிடைக்காதவன் போகும் இடம்" என்று நாம் இகழும் காலம்வரையும் நம் பிள்ளைகள் அங்கே செல்ல வெட்கப்படுவர். வெட்கப்படவேண்டியவர் அப்படிப் பேசும் நாமே.

ஈற்றில், கட்டணம் செலுத்திப் பயிலும் நிறுவனங்கள் பற்றிச் சில சொற்கள். அவற்றுள் நல்லனவும் உள. விளம்பரத்தில் மட்டும் ஒளிர்வனவும் உள. காணியை ஈடு வைப்பதற்கும் தாயின் நகையை விற்பதற்கும் முன் சில வினாக்களுக்கு எழுத்தில் விடை பெறுங்கள். பட்டத்தை வழங்குவது யார்? இந்நிறுவனமா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமா? உள்நாட்டு நிறுவனமெனின் 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி பட்டம் வழங்கும் நிறுவனமாக ஏற்கப்பட்டதா? ஏற்கப்பட்டது நிறுவனத்தின் பெயர் மட்டுமா, நம் பிள்ளை பயிலவிருக்கும் அந்தப் பட்டமுமா? வெளிநாட்டுப் பட்டமெனின் மானியங்கள் ஆணைக்குழு அப்பல்கலைக்கழகத்தை அங்கீகரிக்கின்றதா? மருத்துவம் போன்ற தொழிலாயின் அத்தொழிலில் பதிவு செய்யும் சபை அப்பட்டத்தை ஏற்குமா? முதல் தவணைப் பணம் எவ்வளவு என்பதை விட்டு, இறுதி ஆண்டுவரை மொத்தம் எவ்வளவு? இடையில் விலகினால் திருப்பித் தருவது எவ்வளவு? இவ்வினாக்களைக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் நிறுவனத்தின் படியை மறுபடி மிதிக்கவேண்டாம்.

நேயர்களே, பெற்றோருக்கு அனுபவம் உண்டு. பிள்ளைக்கு விருப்பம் உண்டு. ஆசிரியருக்கு இருவரையும் அறியும் வாய்ப்பு உண்டு. மூவரும் ஒருமுறையேனும் ஒன்றாக அமர்ந்து பேசாமல் விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள். வரும் விடுமுறையில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். கைந்நூலைப் பிள்ளை வாசிக்கட்டும். தந்தையும் தாயும் கேட்கட்டும். விளங்காத இடத்தைக் குறித்துக்கொண்டு பாடசாலைக்கு வாருங்கள். அதிபரின் கதவு அதற்காகவே திறந்திருக்கின்றது. பேசி முடிந்தபின் வரிசையை எழுதும் பேனாவை மட்டும் பிள்ளையின் கையிற் கொடுத்துவிடுங்கள். கற்கப்போவது அந்தப் பிள்ளையே.