சனிக்கிழமைப் பெருந்திரள்



முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விளையாட்டு வீரன் அல்லன். பிள்ளைப் பருவத்திலும் பந்தைவிடப் புத்தகத்தையே நாடினேன். அத்தகையவன் அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டைப் பற்றிப் பேச வருவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நான் கொடுத்த அறிவுரை ஒன்றைத் திரும்பப் பெறவே வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் பெற்று, விடைபெற்றுச் செல்ல வந்தான். "அங்கே ஆட்டம், கொண்டாட்டம் என்று பொழுதைப் போக்குவார்களாம். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே" என்று சொல்லி ஆசி கூறி அனுப்பினேன். அவனும் என் சொல்லைத் தட்டவில்லை. மூன்றாம் மாதம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. "ஐயா, சனிக்கிழமைகளில் இவ்வூரில் அறைக்குள் இருப்பவன் நான் ஒருவன்தான் போலும். திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் ஒன்றைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. உணவு வேளையில் தனியே அமர்கிறேன்" என்று எழுதியிருந்தான். அந்தக் கடைசி வாக்கியம் என்னை உறுத்திற்று. தெரியாத ஒன்றைப் பற்றி அறிவுரை கூறிவிட்டோமே என்று அதன் பின்னரே அதனைக் கற்கத் தொடங்கினேன்.

அங்கே 'ஃபுட்பால்' என்றால் நாம் அறிந்த கால்பந்து அன்று. பெரும்பாலும் கையால் ஏந்தி ஓடும் ஆட்டம். கல்லூரிக்கும் கல்லூரிக்குமான முதற் போட்டி 1869 நவம்பர் 6ஆம் நாள் நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகளுக்கிடையே நடைபெற்றது. பக்கத்துக்கு இருபத்தைந்து பேர். ரட்கர்ஸ் ஆறுக்கு நான்கு என வென்றது. அன்று பந்தைக் கையில் எடுத்து ஓடுவதில்லை. ஆட்டம் நாளடைவில் மாறி, முரட்டுத்தனம் மிகுந்து, இளைஞர் பலர் ஆடுகளத்தில் உயிரிழக்கும் நிலை வந்தது. 1905இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டே கல்லூரியாரை அழைத்துப் பேசும்படி ஆயிற்று. அடுத்த ஆண்டு விதிகள் திருத்தப்பட்டன; பந்தை முன்னோக்கி எறிய இசைவு கிடைத்தது; இன்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என வழங்கும் அமைப்பும் அவ்வாண்டே தோன்றிற்று.

விதிகளைக் கண்டு மலைக்க வேண்டா. நம் சடுகுடுவைப் போல இதுவும் நிலத்துக்கான போராட்டமே. பக்கத்துக்குப் பதினொருவர், களத்தின் நீளம் 100 கஜம். பந்தை உடைய அணி, நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜமேனும் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள். தவறினால் பந்து எதிரணிக்கு. எல்லைக்கோட்டைக் கடந்து கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் முதல் நாளைக்குப் போதும். ஆட்ட நேரம் அறுபது நிமிடம் என்பது கடிகாரக் கணக்கு. இடைநிறுத்தங்களால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வயிற்றுக்கு ஏதேனும் இட்டுக்கொண்டு செல்லுங்கள்.

டெட்ராய்ட் நகருக்கருகே வாழும் என் மகளைக் காணச் சென்றிருந்தபோது, அந்த மாணவனே என்னை ஆன் ஆர்பர் நகருக்கு அழைத்துச் சென்றான். அங்குள்ள அரங்கு 1927இல் திறக்கப்பட்டது. 1,07,601 பேர் அமரலாம். பெரும்பகுதி நிலத்துக்குள் அமைந்திருப்பதால், வெளியிலிருந்து பார்த்தபோது, 'இதற்கா இவ்வளவு பேச்சு?' என்றே எண்ணினேன். உள்ளே நுழைந்தபின்தான் அந்த மாபெரும் பள்ளம் கண்ணில் விரிந்தது. ஒரு மாவட்டத் தலைநகரின் மக்கள் அனைவரையும் ஒரே கிண்ணத்தில் அமர்த்தினாற்போன்ற காட்சி!

காலையிலிருந்தே அரங்கைச் சுற்றித் திருவிழா. எதிரே உள்ள உயர்நிலைப் பள்ளியின் திடலில் கார்களை நிறுத்தி, அடுப்பு மூட்டிச் சமைத்து, வழிப்போக்கரையும் உண்ண அழைக்கிறார்கள். எனக்குச் சுட்ட சோளம் கிடைத்தது. (மதுவும் உண்டு; இருபத்தொரு வயது நிரம்பாதார் அருந்துவது சட்டப்படி குற்றம் என்பதை நினைவில் வையுங்கள்.) எல்லாரும் மஞ்சளும் நீலமும் உடுத்தி, ஒருவரையொருவர் 'கோ புளூ' என்று வாழ்த்திக்கொள்கிறார்கள். கோ என்றால் தமிழில் அரசன். நீல அரசன் யாரோ என்று ஒரு கணம் தேடினேன்!

ஆட்டத்தினும் என்னை ஈர்த்தது இடைவேளையில் வந்த வாத்தியக் குழுவே. நூற்றுக்கணக்கான மாணவர்கள், இசை பயில்வோர் மட்டுமல்லர், பொறியியலும் வரலாறும் பயில்வோரும், ஒரே அடியாக நடந்து வாசித்தார்கள். என் அருகே ஒரு கிழவர் எழுந்து நின்று, கல்லூரிப் பாடலைத் தம் பேத்தியோடு சேர்ந்து பாடினார். ஐம்பதாண்டுகளுக்கு முன் அங்கே பயின்றவராம். இலையுதிர் காலத்தில் 'ஹோம்கமிங்', அதாவது வீடு திரும்புதல், என்றே ஒரு விழாவைப் பல கல்லூரிகள் நடத்துகின்றன. பழைய மாணவர்கள் ஊர் திரும்புகிறார்கள். நாம் மாறுதல் சான்றிதழை வாங்கியதும் பள்ளியை மறந்துவிடுகிறோம். எனக்கு அந்தக் கிழவர்மீது சற்றே பொறாமை உண்டாயிற்று.

எல்லாம் புகழத்தக்கனவா? அல்ல. பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோருள் மிகுதியாகப் பெறுபவர் ஒரு விளையாட்டுப் பயிற்சியாளர் என்பதை ஓர் ஆசிரியனால் எளிதில் செரிக்க முடியவில்லை. அரங்கும் தொலைக்காட்சியும் பெரும்பொருள் ஈட்ட, தலையிலும் முழங்காலிலும் அடி வாங்கும் மாணவன் நெடுங்காலம் கல்வி உதவித்தொகையோடு நின்றான். 2021இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது; அவ்வாண்டே, தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பொருள் பெற வீரர்களுக்கு வழி பிறந்தது. 2025இலிருந்து கல்லூரிகளே நேராகப் பணம் கொடுக்கலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து மாணவர் விசாவில் செல்வோர் பொருளீட்டக் கடுமையான வரம்புகள் உண்டு. உங்களுள் யாரேனும் அங்கே வீரராகச் சென்றால், பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளாமல் எதிலும் கையொப்பமிடாதீர்கள்.

நம்மில் பெரும்பாலோர் அத்தகைய வீரர் அல்லர். நமக்குரியது வேறொன்று. கல்லூரிக்குள்ளேயே துறைக்குத் துறை, விடுதிக்கு விடுதி நடைபெறும் போட்டிகள் உள்ளன. 'இன்ட்ராமுரல்' என்று பெயர். திறமை கேட்பதில்லை; பெயர் கொடுத்தால் போதும். ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் அணிகளும் உண்டு. கல்வியில் ஆண் பெண் வேற்றுமை காட்டலாகாது என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், மகளிர் விளையாட்டு அங்கே பெரிதும் வளர்ந்திருக்கிறது.

இந்த மரபு நமக்கு முற்றிலும் அயலதும் அன்று. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்த ஹாரி பக் ஓர் அமெரிக்கர். அங்கே பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் என் பள்ளியிலும் இருந்தார். தேர்வு நெருங்கும்போதெல்லாம் அவருடைய பாடவேளையைக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். அவர் மறுத்து ஒரு சொல்லும் சொன்னதில்லை. பந்துகளை எடுத்து அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்.

ஆன் ஆர்பரிலிருந்து திரும்பும் வழியில், அந்த மாணவன் தான் துறைக் கைப்பந்து அணியில் சேர்ந்திருப்பதைச் சொன்னான். "அணி வெல்கிறதா?" என்று கேட்டேன். "இதுவரை ஒன்றிலும் வெல்லவில்லை, ஐயா. ஆட்டம் முடிந்ததும் ஆறு பேரும் சேர்ந்து உண்ணப் போகிறோம்" என்றான்.