விருந்துக்கு மறுநாள்



மூதுரையில் வரும் வான்கோழியைப் பள்ளிப் பருவத்தில் படித்திராதவர் நம்முள் இரார். மயிலின் முன்னே தோற்றுப்போன பறவை அது. நான் இன்று பேச வந்திருப்பதோ, விருந்து நாளில் மேசைமீது வெற்றி பெற்று, மறுநாள் அடுப்பங்கரையிலே தோற்றுப்போகும் வான்கோழியைப் பற்றியதாகும்.

இதன் தாயகம் வட அமெரிக்கா. மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் இதனை வளர்த்து வந்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். இதன் ஊர் எதுவென்று தெளிவாக அறியாத ஐரோப்பியர் ஆளுக்கொரு பெயரிட்டனர். ஆங்கிலேயர் துருக்கியின் பெயரைச் சூட்டினர். ஒல்லாந்தரோ நமது கோழிக்கோட்டின் பெயரைச் சேர்த்தே அழைத்தனர். சிங்கள மொழியில் இன்று வழங்கும் ‘களுக்கும்’ என்னும் பெயர் அந்த ஒல்லாந்தச் சொல்லின் வழி வந்ததேயாகும்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், நீர்வீழ்ச்சியின் ஓசை கேட்கும் இறம்பொடையிலே என் அண்ணன் குடும்பம் வாழ்கிறது. ஒரு நத்தார் விடுமுறைக்குக் கொழும்பில் தொழில் புரியும் அண்ணன் மகன் ஒரு வான்கோழி நெஞ்சை வாங்கி வந்தான். பகலுணவுக்கு அதனை வாட்டி, யாவரும் மகிழ்ந்துண்டோம். பாதி மீந்தது. மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? மீந்ததைப் பெரிய துண்டுகளாக்கிக் குழம்பிலிட்டு அரைமணி நேரம் கொதிக்கவைத்தேன். மாலையில் மீண்டும் சூடாக்கினேன். இறைச்சி கயிறுபோல் ஆயிற்று. பிள்ளைகள் குழம்பை மட்டும் ரொட்டியில் தொட்டுத் தின்றுவிட்டு, இறைச்சியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினர். மாதத்தில் ஓரிரு முறையே இறைச்சி காணும் வீடு அது. அந்த ஓரத்தைப் பார்க்க எனக்கு நாணமாக இருந்தது.

அப்பொழுது மதினி சொன்னார்: “உங்கள் பாட்டனார் துரை பங்களாவில் சமையற்காரராக இருந்தவர். அவர் சொல்வதை மறந்துவிட்டீர்களா? வெந்ததை மறுபடி வேகவைக்காதே. சூடு மட்டும் காட்டு என்பாரே!”

இன்றைய பேச்சின் சாரம் அந்த ஒரு வாக்கியமே. காரணமும் எளிது. வான்கோழி ஓயாமல் நடக்கும் பறவை. ஆதலின் அதன் காலிறைச்சி கறுத்து, கொழுப்பும் சாறும் உடையதாய் இருக்கிறது. நெஞ்சிறைச்சியோ வெளுத்தது, கொழுப்பு மிகக் குறைந்தது. ஒருமுறை வெந்ததும் அதன் ஈரத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது. மறுபடி கொதித்தால் மேலும் ஈரம் போகும். ஆகவே மறுநாள் சமையலில் முதலில் மரக்கறியையும் சாற்றையும் முழுதாகச் சமைத்துவிட வேண்டும். இறைச்சியை நாராகப் பிய்த்துக் கடைசியிற் சேர்க்க வேண்டும். மெல்லிய நாராக இருந்தால் இரண்டு மூன்று நிமிடங்களில் உள்ளும் புறமும் ஆவி பறக்கச் சூடேறிவிடும்.

சமையலுக்கு முன் பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. “மலைக்குளிர்தானே, கறி கெடாது” என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. நுவரெலியாவிற்கூட ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். சமைத்த உணவைக் காக்கவோ 5 பாகைக்குக் குறைந்த குளிர் வேண்டும். எனவே சமைத்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரித்து, மூடியுள்ள பாத்திரத்திலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். எடுத்ததில் வேண்டிய அளவை மட்டும் ஒரேயொரு முறை சூடாக்குங்கள்.

இனி, வீட்டில் செய்யத்தக்க மூன்று பக்குவங்களைக் கூறுகிறேன்.

முதலாவது, லீக்ஸ் பிரட்டல். நால்வருக்கு இரண்டு லீக்ஸ் தண்டு போதும். அதன் மடல்களுக்கிடையே மண் ஒளிந்திருக்கும். நீளவாக்கிற் பிளந்து கழுவி, மெல்லியதாக அரியுங்கள். தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுக் கடுகு, கறிவேப்பிலை, ஒரு வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய் ஆகியவற்றை வதக்கி, லீக்ஸையும் உப்பையும் சேர்த்து ஐந்து நிமிடம் கிளறுங்கள். பின்னர் பிய்த்த இறைச்சி இரண்டு கோப்பை, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் சிறிது தெளித்து மூடி, ஆவி வந்ததும் இறக்கிவிடுங்கள். சூடான கோதுமை ரொட்டியில் வைத்துச் சுருட்டிக் கொடுத்தால், கொழுந்து மலைக்குச் செல்பவருக்கு அது காலையுணவாகும். பிள்ளைக்குப் பள்ளிச் சாப்பாடாகும்.

இரண்டாவது, சொதி. இரண்டு உருளைக்கிழங்கையும் ஒரு காரட்டையும் நறுக்கி, வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், இரம்பை இலை சேர்த்து இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிடுங்கள். கிழங்கு வெந்தபின் ஒரு கோப்பை முதற்பாலை விட்டு, ஓரத்தில் நுரை கட்டும்பொழுது இறைச்சியை இடுங்கள். மூன்று நிமிடம் மெல்லெரிவில் வைத்து, நன்கு சூடேறியதும் இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள். அடுப்பில் இருக்கையிற் பிழிந்தால் பால் திரிந்துவிடும். இடியப்பத்துக்கும் பாணுக்கும் இதைவிட இசைந்தது வேறில்லை.

மூன்றாவது, கட்லட். அரைக்கிலோ உருளைக்கிழங்கை அவித்து மசித்து, பொடியாக அரிந்த இறைச்சி ஒரு கோப்பை, வதக்கிய வெங்காயம், மிளகு, உப்பு சேர்த்து உருட்டி, முட்டையில் தோய்த்துப் பாண்தூளிற் புரட்டிப் பொரியுங்கள். நெஞ்சின் வறட்சியைக் கிழங்கு மறைத்துவிடும்.

எலும்பை எறிய வேண்டா. விருந்து நாளிரவே கொத்தமல்லி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் மார்கழிக் குளிருக்கேற்ற இரசம் கிடைக்கும்.

வான்கோழி எல்லார் வீட்டுக்கும் வருவதன்று என்பதை அறிவேன். மேற்சொன்ன யாவும் சாதாரணக் கோழி நெஞ்சுக்கும் பொருந்தும். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலைகள் முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 95 சதவீதம் உயர்ந்திருந்தன. அக்காலத்தை அடுப்படியில் நின்று கடந்தவர்களுக்கு, ஒரு பிடி இறைச்சியின் அருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டார் என்ன செய்வது? அதற்கும் மதினியே வழி காட்டினார். அடுத்த நத்தாரன்று, உண்டு முடித்தவுடனேயே மீந்த நெஞ்சில் ஒரு பங்கை லீக்ஸுடன் பிரட்டி, ஒரு கிண்ணத்திலிட்டு, பெட்டியில்லாத பக்கத்துக் காம்பராவுக்கு ஆவி பறக்கக் கொடுத்தனுப்பினார். சற்று நேரத்தில் கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. அதனுள்ளே அவர்கள் தோட்டத்துக் காரட் நான்கு இருந்தன. மறுநாட் சொதிக்கு நாங்கள் காரட் வாங்கவில்லை.