உழைப்பின் பெயரால் விற்ற விஷம்

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

ஒரு மாத்திரையின் பெயரிலிருந்து நம் பேச்சைத் தொடங்குவோம். 1941-ம் ஆண்டில் ஜப்பானில் டைநிப்பான் என்ற மருந்துக் கம்பெனி “ஹிரோபோன்” என்ற பெயரில் ஒரு சரக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெயர் ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. அதன் பொருள், “உழைப்பை நேசிப்பவன்”. மாத்திரைக்குள் இருந்ததோ மெத்தாம்பெட்டமைன்.

உழைப்பாளிக்கு வேண்டியது சோறு, உறக்கம், ஓய்வு. இந்த மூன்றையும் கொடுக்க மனமில்லாதவர்களுக்குத்தான் இப்படி ஒரு மாத்திரை வேண்டியிருந்தது.

இந்த ரசாயனத்தை 1893-லேயே நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய விஞ்ஞானி தயாரித்துவிட்டார். ஆனால் அது மலிந்தது யுத்தத்தில்தான். ஜெர்மனியில் 1938-ல் “பெர்விட்டின்” என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1940-ம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான சில மாதங்களில் மட்டும் ஹிட்லரின் படைகளுக்கு மூன்றரைக் கோடி மாத்திரைகளுக்கு மேல் அனுப்பினார்கள். ஜப்பானில் சிப்பாய்களுக்கும், விமானிகளுக்கும், ஆயுத ஆலைகளின் தொழிலாளர்களுக்கும் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்ததும் மிஞ்சிய சரக்கு சந்தையில் கொட்டியது. தோற்றுப்போன நாட்டில், இடிந்த நகரங்களில், பசித்த மக்கள் அதை வாங்கினார்கள். 1951-ல் ஜப்பானிய சர்க்கார் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1954-ல் மட்டும் அந்தச் சட்டத்தின் கீழ் கைதானவர்கள் 55,000-க்கும் அதிகம்!

இது எப்படி மனிதனைப் பிடித்துக்கொள்கிறது? இதற்கு மூளைக்குள் சற்று எட்டிப் பார்க்கவேண்டும்.

மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. செய்தி அந்த இடைவெளியை ரசாயனத்தின் மூலம் கடக்கிறது. அத்தகைய ரசாயனங்களில் ஒன்று டோபமைன். ஊக்கம், நாட்டம், உடலின் அசைவு ஆகியவற்றில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

இதைக் கண்டறிந்த கதையில் நம் நாட்டு மூலிகை ஒன்றும் வருகிறது. சர்ப்பகந்தியிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார் சுவீடனைச் சேர்ந்த விஞ்ஞானி அர்விட் கார்ல்சன். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. டோபமைன் உண்டாவதற்கான மூலப்பொருளை ஊசி மூலம் செலுத்தியதும் அவை எழுந்து நடமாடின. இது 1957-ல் வெளியான ஆராய்ச்சி. 2000-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நிற்க. நரம்பணுவின் நுனியில் டோபமைன் சிறு சிறு பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டுக் குதிரில் நெல் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி வரும்போது கொஞ்சம் வெளியே வருகிறது. அடுத்த அணுவைத் தொட்டு வேலையை முடிக்கிறது. பிறகு அதைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளத் தனி வாசல்கள் இருக்கின்றன. சிக்கனமான ஏற்பாடு!

கொக்கெயின் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. வெளியே வந்த டோபமைன் திரும்ப வழியின்றி இடைவெளியிலேயே தேங்குகிறது. மெத்தாம்பெட்டமைன் செய்வது இன்னும் மோசம். அந்த வாசல் வழியாகவே உள்ளே நுழைந்து, பைகளைக் காலி செய்து, வாசலையே எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறது. உள்ளே இழுக்கவேண்டிய வாசல் வெளியே கொட்டுகிறது. களைப்புத் தெரிவதில்லை, பசி அடங்குகிறது, உலகையே வென்றுவிடலாம் என்று தோன்றுகிறது.

ஆனால் இந்த பலம் எங்கிருந்து வந்தது? மாத்திரையிலிருந்து அல்ல. நம் குதிரிலிருந்த நெல்தான்! விதை நெல்லையும் சேர்த்து ஒரே நாளில் பொங்கித் தின்ற விருந்து அது. மறுநாள் குதிர் காலி. சோர்வு, துயரம், எதிலும் பற்றின்மை. அந்தப் பள்ளத்திலிருந்து ஏற மீண்டும் மாத்திரை. கந்துவட்டிக்காரனிடம் பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கேடு இத்துடன் நிற்பதில்லை. பையை விட்டு வெளியேறிய டோபமைன் அணுவுக்குள்ளேயே ஆக்சிஜனுடன் சேர்ந்து சிதைந்து, அரிக்கும் பொருள்களை உண்டாக்குகிறது. உடல் சூடும் அபாயகரமாக ஏறுகிறது. அதிக அளவு கொடுத்த பிராணிகளில் நரம்பு நுனிகள் சேதமடைந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். நீண்ட காலம் உபயோகித்த மனிதர்களின் மூளையைப் படமெடுத்தபோது, அந்த வாசல்களின் எண்ணிக்கை குறைந்திருப்பது தெரிந்தது. பல இரவுகள் உறங்காதவருக்கு, யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகம் வருகிறது. இல்லாத குரல் கேட்கிறது. தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகத் தோன்றுகிறது.

ஆகவே, இத்தகையவரைத் “திமிர் பிடித்தவன்” என்று ஒதுக்குவது அறியாமை. அவர் நோயாளி. நோயாளிக்கு நம்பிக்கையும் உண்டு. ஓராண்டும் அதற்கு மேலும் விலகியிருந்தவர்களின் மூளையில் குறைந்துபோன வாசல்கள் ஓரளவு மீண்டும் பெருகியதை 2001-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஞாபகமும் நிதானமும் அதே வேகத்தில் திரும்பவில்லை என்பதும் உண்மை. எனவே பொறுமை வேண்டும், வைத்தியம் வேண்டும், பக்கத்தில் மனிதர்கள் வேண்டும்.

தோழர்களே! இரவு ஷிப்டில் நிற்பவரிடமும், தூக்கமின்றி லாரி ஓட்டுபவரிடமும் எவராவது இப்படி ஒரு மாத்திரையை நீட்டினால், நாம் சொல்லவேண்டிய பதில் ஒன்றுதான். “எங்களுக்கு மாத்திரை வேண்டாம். உறங்க நேரம் கொடு!” ஏற்கெனவே விழுந்துவிட்ட தோழர் யாராவது நம்மிடையே இருந்தால், அவரை ஏசாதீர்கள். கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வரும்போது அவருக்கு வேலையும் இடமும் இருக்கும்படி நாம் பார்த்துக்கொள்வோம்.